மலையில் தெரிவது புகையா, மூடுபனியா?

கல்லூரியில் தருக்கம் என்றதும் பிழைகளின் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். இரண்டே வாரத்தில் பிள்ளைகள் அந்தப் பெயர்களைச் சொல்லி அடுத்தவர் வாயை அடைக்கப் பழகிவிடுகிறார்கள். தன் பேச்சில் அதே ஓட்டை இருப்பது மட்டும் தெரிவதில்லை. பட்டியலைப் பிறகு பார்க்கலாம்; நான்கு அட்டைகளில் தொடங்குங்கள்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-களில் உருவாக்கிய புதிரின் தமிழ் வடிவம் இது. கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு அ, க, 4, 7 என்று எழுதுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து என்றால் மறுபக்கம் இரட்டைப்படை எண்' என்பது விதி. விதி சரியா என்று பார்க்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்?

மூன்று நிமிடம் யாரும் பேசக்கூடாது. விடையோடு ஒரு வரிக் காரணமும் நோட்டில் ஏற வேண்டும். இதை விட்டுவிட்டால் முதல் பெஞ்சில் இருவர் சொல்வதே வகுப்பின் விடையாகிவிடும். பெரும்பாலானோர் 'அ, 4' என்று எழுதுவார்கள். சரியான விடை 'அ, 7'. 4-க்குப் பின்னால் 'க' இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது. 7-க்குப் பின்னால் 'அ' இருந்தால் விதி உடையும்.

ஆனால் இதை உடனே சொல்லிவிடாதீர்கள், இங்கேதான் ஆசிரியர்கள் அவசரப்படுகிறோம். கீழேயே இன்னொரு நான்கு கட்டம் போடுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் வேண்டும். உள்ளூர் வண்டிக்கு வேண்டாம். ஊட்டி மலை ஏறும் வழியில் உள்ள கல்லாறு செக்போஸ்டில் நான்கு கார்கள். ஒன்றில் டிஎன் 38 நம்பர் பிளேட், அதாவது கோவை வண்டி; இன்னொன்றில் டிஎன் 43, அதாவது நீலகிரி வண்டி. மூன்றாவதில் பாஸ் இருக்கிறது, நான்காவதில் இல்லை. இவை இரண்டின் பிளேட் கண்ணில் படவில்லை. யாரைச் சோதிப்பீர்கள்? அரை நிமிடத்தில் விடை வந்துவிடும்: டிஎன் 38, பாஸ் இல்லாதவர். "பாஸ் வச்சிருக்கறவர எதுக்கு சார் நிறுத்தணும்?" என்பார்கள். அந்தக் கேள்வி வந்ததும் சாக்பீஸால் பாஸ் கட்டத்திலிருந்து 4-க்கு ஒரு கோடு இழுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள். வரிசை முக்கியம். இ-பாஸை முதலில் கொடுத்தால் தன் தவறைத் தானே பார்க்கும் அந்தக் கணம் கிடைக்காது.

அடுத்து நம்மூர்ப் பாடம். மணிமேகலையின் 29-ஆம் காதை அனுமானத்துக்குத் தரும் எடுத்துக்காட்டு: இம்மலை நெருப்புடைத்து, ஏனெனில் புகையுடைத்து, அடுக்களை போல. ஜூலை மாத ஊட்டியில் ஜன்னலைக் காட்டி இதைக் கேட்டால் வகுப்பு சிரிக்கும். சிரிப்பிலேயே முதல் சோதனை இருக்கிறது: தெரிவது புகைதானா, மூடுபனியா? அதாவது 'ஏது' (காரணம்) என்று காட்டுவது முதலில் மெய்யா? இரண்டாவது, புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டா? மூன்றாவது, அதைத் திருப்பிப் போட்டு நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு எனலாமா? கணகணவென்று கனியும் கரி அடுப்பில் புகை தெரியாது. குளிருக்காக அதை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்குகிறவர்களைக் கொல்வதும் நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடுதான். 'புகை இல்லை, ஆபத்தில்லை' என்ற நினைப்பும், 4-ஐத் திருப்பிய கையும் விதியைத் தலைகீழாகப் படிக்கும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

தேர்வுக்கு இப்படி ஒரு கேள்வி போதும்: 'உறைபனி விழுந்தால் பச்சைத் தேயிலை விலை ஏறும்' என்பதை எப்படிச் சோதிப்பாய்? பனி விழுந்து விலை ஏறிய வருடங்களை மட்டும் அடுக்குவார்கள். இது அட்டை விதி போல விலக்கில்லாத விதி அல்ல, பொதுவான போக்கு; பனியால்தான் ஏறுகிறதா என்று ஒப்பிட, பனி விழுந்தும் ஏறாதவை, விழாமலே ஏறியவை, இரண்டுமே இல்லாதவை என்ற மற்ற மூன்று கட்டங்களும் வேண்டும். பத்து மதிப்பெண்ணில் விடைக்கு 2, காரணத்துக்கு 5, 'எதைப் பார்த்தால் மனத்தை மாற்றிக்கொள்வாய்?' என்பதற்கு 3. கடைசிப் பகுதியில் 'தவறென்று நிரூபித்தால்' என்று எழுதினால் பூஜ்ஜியம். 'உறைபனி விழுந்த பத்து வருடத்தில் ஏழில் விலை ஏறவில்லை என்றால்' என்று எழுதினால் முழுசாக மூன்று.