"ஒரு மாதிரியா இருக்கு" என்று வரும் நோயாளி: எமர்ஜென்சி மெடிசின் தேர்வில் நான் சறுக்கிய இடம்

செய்முறைத் தேர்வில் முதல் தடவை நான் ஃபெயில். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் என்ற தெம்போடுதான் போனேன். எனக்கு விழுந்த கேஸ், "ரெண்டு நாளா ஒரு மாதிரியா இருக்கு டாக்டர், எழுந்து நடக்க முடியல" என்று சொல்லும் 74 வயதுப் பெரியவர். காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை. சிறுநீர் ரிப்போர்ட்டில் சீழ் செல்கள் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அப்பாடா என்று சிறுநீர்த் தொற்று, ஆன்டிபயாட்டிக், அட்மிஷன் என்று கடகடவென ஒப்பித்துவிட்டேன்.

தேர்வாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "போன வாரம் வரைக்கும் இவர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்?" நான் விசாரிக்கவே இல்லை. மாடிப்படி ஏறி இறங்கிய மனிதராம். அப்புறம் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த இசிஜியைத் திருப்பிக் காட்டினார், அதையும் நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை. டி அலைகள் (ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் மேடு) கூடாரம் அடித்த மாதிரி கூராக நின்றன, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதன் அடையாளம். ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய பிரஷர், இதய மருந்துகள்) இரண்டும் சாப்பிடுகிறவர், மூன்று நாள் வயிற்றுப்போக்கில் உடம்பு வறண்டு, சிறுநீரகம் அடிவாங்கி, பொட்டாசியம் ஏறி, அதனால்தான் கால் தளர்ந்திருக்கிறது. இதயத்தைக் காக்க உடனே நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டியவருக்கு நான் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொண்டிருந்தேன்.

வயதானவர்களின் சிறுநீரில் நோய் எதுவும் இல்லாமலே கிருமியும் சீழ் செல்லும் இருப்பது சர்வசாதாரணம். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், காய்ச்சல், விலாவில் வலி எதுவும் இல்லாதவருக்கு அந்த ரிப்போர்ட்டை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கண்ணில் பட்ட முதல் கோளாறே காரணம் என்று நினைத்துத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம், இந்த வகைக் கேஸில் பாதிப் பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

இரண்டாவது தடவைக்குப் படித்தபோது புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு, டியூட்டியில் நோயாளி சொல்லும் வார்த்தையைப் பிரித்துக் கேட்கப் பழகினேன். நம் ஆட்கள் "மயக்கமா வருது" என்றால் தலை சுற்றுகிறது என்று இருக்கலாம், கண் இருட்டி விழப் போவதாக இருக்கலாம், நினைவே தப்பியதாக இருக்கலாம், சிலருக்குக் குமட்டலும் மயக்கம்தான். கேஸ் ஷீட்டில் வெறுமனே "மயக்கம்" என்று எழுதினால் அடுத்து பார்ப்பவருக்கு எதுவும் புரியாது. அதனால் நான் கேட்பது: "கடைசியா எப்போ நல்லா இருந்தீங்க? அன்னைக்கு செஞ்ச எந்த வேலையை இன்னைக்கு செய்ய முடியல?" கூட வந்தவரிடமும் அதையே தனியாகக் கேட்பேன். "நேத்து சாயங்காலத்துல இருந்து பேச்சு கொஞ்சம் குழப்பமா இருக்கு" என்ற ஒரு வரி அவரிடமிருந்துதான் வரும், அது வந்துவிட்டால் கேஸே வேறு.

மூச்சை நீங்களே எண்ணுங்கள், முழுதாக ஒரு நிமிடம். எந்த சார்ட்டை எடுத்தாலும் 18, 20 என்றே இருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் (நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன், பொய் சொல்லவில்லை). வாந்தி, அசதி என்று ஒரு இளைஞன் வந்தான், சார்ட்டில் 18. கட்டில் பக்கத்தில் நின்று வயிற்றின் மேல் கண்ணை வைத்து எண்ணினால் 32, ஆழமான மூச்சு, நுரையீரலில் சத்தம் சுத்தம். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 400-க்கு மேல். தனக்கு சர்க்கரை நோய் இருப்பதே அவனுக்குத் தெரியாது, கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் பற்றாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் நிலை, அதை வெளியேற்றத்தான் அந்த ஆழமான மூச்சு) வந்து படுத்திருக்கிறான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெளிவில்லாத புகாரோடு வரும் எல்லாருக்கும் சர்க்கரையும் இசிஜியும் உடனே பார்த்துவிடுங்கள். முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரும். கடுமையான தொற்றிலும் வயதானவருக்குக் காய்ச்சல் இல்லாமல் போகலாம், பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுகிறவருக்கு நாடித்துடிப்பு ஏறாமல் நம்மை ஏமாற்றும். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை. சில வாரம் முன்பு லேசாக விழுந்த, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடும் பெரியவர் குழப்பமாக இருந்தால், மண்டைக்குள் ரத்தக் கசிவா என்று பார்க்கத் தலைக்கு சிடி ஸ்கேன். ஒரே வீட்டில் எல்லாருக்கும் தலைவலி, குமட்டல் என்றால் கார்பன் மோனாக்சைடு (அரைகுறையாக எரியும் அடுப்பு, ஜெனரேட்டர் புகையில் வரும் விஷ வாயு), அதில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டினாலும் நம்பக் கூடாது. மாத்திரைப் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டிப் பாருங்கள், சீட்டில் இல்லாதது பையில் இருக்கும்.

தேர்வில் பதில் சொல்லும்போது நோயின் பெயரில் ஆரம்பிக்காதீர்கள். "இவரிடம் தவறவிட்டால் உயிருக்கு ஆபத்தானவை இந்த மூன்று, ஒவ்வொன்றையும் இப்படித் தேடுவேன்" என்று ஆரம்பித்தால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். ஒன்றும் சிக்கவில்லை என்றால் "காரணம் இன்னும் தெரியாத சோர்வு" என்றே சொல்லுங்கள், கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி) என்று ஒட்டி அனுப்பினால் அடுத்த டாக்டரும் அதையே நம்பித் தேடாமல் விடுவார்.

இரண்டாவது தடவை எனக்கு வந்ததும் அசதி கேஸ்தான். எல்லாம் நார்மல், வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். "முதலில் எழுப்பி நாலு அடி நடக்க வைத்துப் பார்க்கிறேன், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷரும் பார்க்கிறேன்" என்றேன். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 30 இறங்குகிறது என்று சொல்லிவிட்டு, மலம் கறுப்பாகப் போகிறதா, அதாவது குடலுக்குள் ரத்தம் கசிகிறதா என்று நான் கேட்கும் வரை காத்திருந்தார்கள்.