த்ரெட்டை அறுக்காமல் நிறுத்துவது

பைத்தான் சர்வீஸை ரிவ்யூ செய்ய உட்கார்ந்தால் நான் முதலில் தேடுவது டீமன் த்ரெட்டைத்தான். த்ரெட் என்பது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை; டீமன் என்றால் அது முடியட்டும் என்று புரோகிராம் காத்திருக்காது. டீமனாக வைத்தால் புரோகிராம் சட்டென்று முடிந்துவிடும், சரி. ஆனால் அந்த த்ரெட் ஃபைலில் பாதி வரி எழுதிக்கொண்டிருந்தாலும் அப்படியே அறுந்துபோகும். எனக்கு அது ஆகவே ஆகாது.

அதற்குப் பதில் த்ரெடிங் ஈவென்ட் ஒன்று வைத்துக்கொள்வேன்; 'நிறுத்து' என்று த்ரெட்டுக்குச் சொல்லும் கொடி அது. லூப்புக்குள் 60 விநாடி ஸ்லீப் போட்டால், நிறுத்தச் சொன்னாலும் அந்த ஸ்லீப் முடிந்த பிறகுதான் த்ரெட் கவனிக்கும். ஈவென்ட்டின் வெயிட்டுக்கு அதே 60-ஐக் கொடுங்கள். ஈவென்ட்டை செட் செய்ததுமே த்ரெட் விழித்து, கனெக்‌ஷனை மூடிவிட்டு வெளியே வரும்.

மெயின் த்ரெட் ஜாயினில், அதாவது அந்த த்ரெட் முடியும்வரை, காத்திருக்கட்டும், ஆனால் டைம்அவுட் என்ற நேர வரம்போடு. சர்வீஸ்களை கன்டெய்னர்களில் ஓட்டும் குபெர்னெட்டிஸ், நிறுத்தச் சொன்ன பிறகு இயல்பாக 30 விநாடிதான் பொறுக்கும், அப்புறம் சிக்கில் (SIGKILL), அதாவது புரோகிராமைக் கட்டாயமாகக் கொல்லும் சிக்னல். நான் 20 வைப்பேன். ஜாயின் திரும்பியும் த்ரெட் உயிரோடு இருந்தால், அதன் பெயரை லாகில் எழுதிவிடுவேன்.