பூக்கே இல்லத்துத் தொலைபேசி

3 அக்டோபர் 2025
ஆங்கில நடிகை பட்ரீஷியா ரௌட்லெட்ஜ் போய்விட்டார். 96 வயது.

4 அக்டோபர்
எல்லா அஞ்சலியிலும் ஹயசிந்த்தான், ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரில் அவர் நடித்த பகட்டுக்காரி. 1990 முதல் 1995 வரை 44 பகுதிகள், சரி. 1952இல் லிவர்பூல் ப்ளேஹவுஸில் ஏறியவருக்கு அதற்கு முன் ஏறக்குறைய நாற்பது வருட மேடை இருக்கிறதே! 1968இல் அமெரிக்க மேடைக்கான டோனி விருது வாங்கியது 31 காட்சிகளோடு மூடப்பட்ட ஒரு இசை நாடகத்துக்கு.

6 அக்டோபர்
சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஹயசிந்த் வீட்டுத் தொலைபேசி மணி அடிக்கிறது. முதலில் முதுகு நிமிர்கிறது, அப்புறம் கை நீள்கிறது, குரல் கடைசியில்தான். ‘பக்கெட்’ (வாளி) என்ற குடும்பப் பெயர் அவர் வாயில் ‘பூக்கே’ (பூங்கொத்து) ஆவதற்குள் உடம்பு தயாராகிவிடுகிறது. அழைப்பவருக்கு வேண்டியதோ சீனச் சாப்பாட்டுக் கடை. மகன் ஷெரிடன் பணம் கேட்டு அழைத்தால் வேறு கணக்கு: குரலில் பெருமை குறையவே கூடாது, முகம் மட்டும் இறங்க வேண்டும். ஷெரிடனை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அவன் பேசும் நேரத்தையும் இவர்தான் நடித்து நிரப்ப வேண்டும். பதிலை அவசரமாகச் சொன்னால் மறுமுனையில் ஆளே இல்லை என்பது அம்பலமாகிவிடும்.

9 அக்டோபர்
ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

12 அக்டோபர்
பக்கத்து வீட்டு இசைக்காரர் எம்மெட்டைப் பார்த்ததும் ஹயசிந்த் பாடுவதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன். இது பயிற்சி பெற்ற குரல். 1988இல் ‘காண்டிட்’ இசை நாடகத்தின் கிழவி வேடத்துக்கு லண்டன் மேடைக்கான ஒலிவியர் விருது வாங்கிய குரல். அது ஸ்ருதி விலகுவது தற்செயல் இல்லை. ஸ்வரத்தை நேராகப் பிடிக்காமல் கீழிருந்து வழுக்கி ஏறுகிறார், நடுக்கத்தை அகலமாக்குகிறார், உச்சியில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுகிறார். மூச்சு மட்டும் எங்கும் சிதறுவதில்லை. நிஜமாகவே பாடத் தெரியாதவர் தயங்குவார், பாதியில் விழுங்குவார். ஹயசிந்துக்கு அந்தத் தயக்கமே கிடையாது, சிரிப்பு அங்கேதான். பலர் இதை நகலெடுக்கும்போது வெறுமனே கத்துகிறார்கள். காது வலிப்பதுதான் மிச்சம்.

17 அக்டோபர்
கோப்பை. பக்கத்து வீட்டு எலிசபெத்தாக வரும் ஜோசஃபின் டியூசனின் கை. ராயல் டோல்டன் பீங்கான், கையால் வரைந்த பெரிவிங்கிள் பூக்கள் என்று ஹயசிந்த் நினைவூட்டுகிறார், கை நடுங்குகிறது. நடுங்கியபடியே உள்ளே வந்தால் வெறும் வியாதி. எச்சரிக்கைக்குப் பிறகு நடுங்கினால்தான் நாடகம். ஹயசிந்துக்கோ கவலை கோப்பையைப் பற்றி.

18 அக்டோபர்
தட்டில் கோப்பை உரசும் அந்தச் சத்தம். மறுபடியும்.

21 அக்டோபர்
மறுபடி தொலைபேசிக்கே வருகிறேன். 1982, லண்டன் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்கு, ‘நாய்சஸ் ஆஃப்’ நகைச்சுவை நாடகம். முதன்முதலில் டாட்டி ஒட்லியாக நடித்தது இவர்தான். ஒத்திகையில் தடுமாறும் நடிகை வேடம்: மத்தி மீன் தட்டை எங்கே விடுவது, ரிசீவரை வைத்தாயிற்றா, செய்தித்தாளை எடுத்தாயிற்றா. தட்டு இடம் மாறினால் அடுத்தவர் உள்ளே வரும் காட்சியே குலையும். டாட்டி மறந்துகொண்டே இருக்க, ரௌட்லெட்ஜ் ஒன்றையும் மறக்கக் கூடாது. அந்த ஒழுங்கைப் பழகிய கைதான் எட்டு வருடம் கழித்து அந்த வெள்ளைத் தொலைபேசியை எடுக்கிறது.

25 அக்டோபர்
ரிப்போர்ட் திங்கட்கிழமை என்கிறார்கள்.

28 அக்டோபர்
நடிகை ப்ரூனெல்லா ஸ்கேல்ஸும் நேற்று போய்விட்டார். 93. ‘ஃபால்டி டவர்ஸ்’ நகைச்சுவைத் தொடரின் 12 பகுதிகளில்தான் சிபில். அவரும் தொலைபேசியில்தான்: தோளில் ரிசீவர், ‘ஐ நோ... ஓ, ஐ நோ...’ ஒவ்வொன்றும் ஒரு சுருதியில். முதல் ‘ஐ நோ’வுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுகிறார் என்று