டிண்டாலின் இரண்டு வேலிகள்

அறிவியல் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று அறிவியலாளர்களைக் கேட்டால், பதில் எதிரே நிற்பவரைப் பொறுத்து மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இயற்பியலாளர் ஜான் டிண்டால் இதற்கு அருமையான சாட்சி. நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக்கதிரை உறிஞ்சுவதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினாரே, அவர்தான்.

1871 கடைசியில் பிரிட்டனின் பட்டத்து இளவரசரான வேல்ஸ் இளவரசர் டைபாய்டில் படுத்தார். நாடே ஜெபித்தது, அவர் பிழைத்தார், தேவாலயத்துக்கு ஒரே பெருமை. மறுவருடம் ஒரு கட்டுரை வெளிவரக் காரணமாக இருந்தார் டிண்டால். அதில் இருந்த யோசனை இது: ஒரு மருத்துவமனை வார்டுக்காக மட்டும் மூன்று முதல் ஐந்து வருடம் எல்லோரும் ஜெபிக்கட்டும், அங்கே சாவு குறைகிறதா என்று மற்ற இடங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பாதிரிமார்கள் கொதித்துப் போனார்கள். அவர்களிடம் டிண்டால் பேசிய அறிவியல் பலன் தருவது, சோதனைக்கு உட்பட்டது, கண்ணால் பார்க்கக்கூடியது.

சரி, எதிரே பொறியாளர் நின்றால்? அதே 1872 கடைசியில் அமெரிக்காவுக்கு உரையாற்றப் போன இடத்தில் கதையே வேறு. தந்தி வந்ததற்கு வேர், பலனைப் பற்றிக் கவலையே படாமல் இயற்கையைத் துருவியவர்கள் என்கிறார். இங்கே பலன் பின்னால் வருகிற துணைப்பொருள், அறிவுதான் முதல். இத்தனைக்கும் இவரே இளமையில் ரயில்பாதைக்கு நிலம் அளந்து சம்பாதித்தவர்!

சமூகவியலாளர் தாமஸ் கியரின் 1983-இல் எழுதிய கட்டுரை இந்த முரணைத்தான் பிடித்துக்கொண்டது. அவர் விளக்கம் கறாரானது. பள்ளிப்பாடமும் மரியாதையும் பாதிரிமார் கையில் இருந்தன, அதனால் அங்கே பலனைக் காட்டியாக வேண்டும். பட்டறையில் கற்ற கைத்திறனே போதும் என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டால் ஆய்வுக்கு அரசு ஏன் காசு தர வேண்டும், அதனால் இங்கே அறிவின் தூய்மை.

டிண்டாலை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அறிவியலில் இரண்டு குணமும் உண்டு, அந்தந்த நேரத்துக்கு வேண்டியதை எடுத்து நீட்டினார். ஆனால் மதத்துக்கும் அறிவியலுக்கும் நடுவே அவர் போட்ட முதல் வேலி ஒருவரிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை: லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு முன்னவரான விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே. ஃபாரடே ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் மூப்பர், ஞாயிறு தோறும் பிரார்த்தனைக்குப் போனவர். அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி ஒரு புத்தகமே எழுதினார் டிண்டால்.