பச்சை வழியில் போன பெட்டி

திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் யாராவது "யாழ்ப்பாணத்துக்கு மருந்து கொண்டுபோனீங்களாமே, பெரிய புண்ணியம்" என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சுங்க அறையின் பிளாஸ்டிக் நாற்காலிதான். ஐந்தே கால் மணி நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். எந்த விமான நிலையம் என்று எழுதப்போவதில்லை. தப்பில் பாதிக்கு மேல் எங்களுடையது.

நான் வேதாரண்யத்துக்காரி. அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்தை யாரும் வெளிநாடாக நினைப்பதில்லை. சின்ன வயதில் ஆன்டெனாவைத் திருப்பினால் இலங்கை டிவி ரூபவாஹினிதான் முதலில் விழும். தாத்தா காலத்தில் பருத்தித்துறைக்குத் தோணி போய்வந்த குடும்பம். அந்த வழி உறவு இன்னும் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருக்கிறது. கார்த்திகையில் அங்கே ஒரு கல்யாணம். நான், வீட்டுக்காரர், அக்கா, அக்கா மகன் என்று நாலு பேர் கிளம்பினோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வடகிழக்குப் பருவமழையில் அதை நம்பி முகூர்த்தம் குறிக்க முடியாது. அதனால் விமானம்.

கல்யாண வீட்டுச் சித்தப்பா ஒருவர் அங்கே உள்ள சின்ன அரசு வைத்தியசாலையின் நோயாளர் நலன்புரிச் சங்கத்தில் இருக்கிறார். "வெறுங்கையோட வராம ஏதாச்சும் மருந்துச் சாமான் கொண்டாங்கோவன்" என்று போனில் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்கு இருந்த 'உத்தரவு'. 2022 நெருக்கடியில் நம் மாநில அரசே அரிசி, பால் பவுடரோடு 137 வகை மருந்து அனுப்ப ஏற்பாடு செய்ததல்லவா, நாம் நாலு பெட்டி கொண்டுபோனால் யார் தடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அரசாங்கத்துக்கு அரசாங்கம் கொடுப்பது வேறு, அத்தை கைப்பெட்டியில் எடுத்துப்போவது வேறு என்று அப்போது உறைக்கவில்லை.

தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு வரி போட்டேன். அதுதான் முதல் தப்பு. இரண்டே நாளில் திண்ணை நிறைய மாத்திரை. பாதி வெட்டின அட்டைகள். காலாவதித் தேதி அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தையே கிழித்து வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் தானம் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர்களுக்குக் கொடுக்கும் 'விற்பனைக்கு அல்ல' சாம்பிள்கள் ஒரு பை. அதைவிட, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. தமிழ்நாடு அரசு முத்திரை போட்ட அதே அட்டைகள். 31 வருடம் நானே ஜன்னல் வழியாக நீட்டியவை, இப்போது என் மடிக்கே திரும்பி வந்திருந்தன. "அப்ப நீங்க மாத்திரையே போடறதில்லையா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "நல்லாத்தான இருக்கேன்" என்றார்.

எல்லாவற்றையும் கழித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை விதிகள் 1996இலிருந்து இருக்கின்றன. போய்ச்சேரும்போது குறைந்தது ஒரு வருடம் ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும், நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் சாம்பிளும் ஆகாது, மருந்தின் பொதுப்பெயர் இருக்க வேண்டும். வேலையில் இருந்தபோது படித்தது. டிரமடால் வலி மாத்திரை இரண்டு அட்டை வந்திருந்தது, அதைத் தொடவே இல்லை. 2018இலிருந்து அது போதைப்பொருள் சட்டத்துக்குள் இருக்கிறது. நல்ல மனதோடு கொடுத்தார்கள் என்று பெட்டியில் போட்டிருந்தால் இதை எங்கிருந்து எழுதிக்கொண்டிருப்பேனோ. இரண்டு மூட்டை கடைசியில் ஒரு பை ஆனது. குறைந்ததற்குப் பணம் போட்டு, சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் பிரஷருக்கு அம்லோடிபினும் முழுப் பெட்டியாகக் கடையில் வாங்கினோம். கூடவே சிரிஞ்சு, மூத்திரப் பை, கதீட்டர், சர்க்கரை பார்க்கும் மெஷின், பேண்டேஜ் துணி, பஞ்சு, ஒரு வாக்கர்.

இந்தப் பக்கம் ஏதாவது காகிதம் வேண்டுமா என்று கேட்க ஒரு அலுவலகம் போனேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், கொட்டுகிற மழையில். எழுத்தர் தலையைத் தூக்கவில்லை.

"ஏற்றுமதியா, அன்பளிப்பா?"

"கையோட எடுத்துட்டுப் போறதுங்க."

"அப்ப அது இங்க இல்ல."

"எங்கன்னு சொன்னீங்கன்னா..."

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

மறுபடி ஒரு நாள் போனேன். அன்றைக்கு அவர் லீவு. வாசலில் நின்ற ஒருவர் பதினைந்தாயிரம் கொடுத்தால் 'எல்லாம்' வாங்கித் தருவதாகச் சொன்னார். எல்லாம் என்றால் என்ன என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. அந்த இரண்டு நாளையும் சித்தப்பாவுக்குப் போன் போட்டு, வைத்தியசாலைத் தலைமையிடமிருந்து முறையாகக் கடிதம் வாங்கச் செலவழித்திருக்க வேண்டும். காகிதம் புறப்பட வேண்டியது வாங்குகிற பக்கத்திலிருந்து. இது தெரிய எனக்கு அந்த நாற்காலி தேவைப்பட்டது.

விமானக் கவுண்டரில் இரண்டு பொருள் கழன்றன. ஸ்பிரிட் பாட்டில், தீப்பிடிக்கும் சாமான், அது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று ஒரு ஓய்வுபெற்ற டாக்டர் ஆசையாகக் கொடுத்த பழைய பாதரச பிரஷர் மெஷின். பாதரசம் விமானத்தில் ஏறாது, கொட்டினால் அலுமினியத்தை அரித்துவிடும். வழியனுப்ப வந்த மாப்பிள்ளை கையில் இரண்டையும் கொடுத்தனுப்பினோம். மற்றபடி குடியேற்றம், பயணம் எல்லாம் ஒரு குறையும் இல்லை.

இறங்கியதும் நான் சிவப்பு வழிக்குத் திரும்பினேன். அறிவிக்க வேண்டிய சாமான் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் பச்சை வழி. அக்கா மகன் காதோடு சொன்னான்: "சித்தி, ஆளுக்கு ஒரு பெட்டிதானே, பச்சையில போயிடலாம்." வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் பச்சை வழியில் பாதி தூரம் போய்விட்டான். ஸ்கேனரில் சிரிஞ்சு வரிசை வரிசையாகத் தெரிந்திருக்கும். சிரிஞ்சு முழுவதும் அவன் பெட்டியில்தான்.

அதற்கப்புறம் நாங்கள் 'அறிவித்தவர்கள்' இல்லை, 'மாட்டியவர்கள்'. நாலு பெட்டியையும் ஒரே மேசையில் பிரித்தார்கள். அதிகாரிக்குத் தமிழ் வராது. பக்கத்து மேசைப் பெண் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னார்: "அம்மா, அந்தப் பெடியன் ஏன் பச்சைப் பக்கத்தால போனவர்?" எனக்கு என்ன பதில் இருக்கிறது? சின்னப் பையன் என்றேன். அவனுக்கு 34 வயது. பாஸ்போர்ட் அவர் கையில்தான் இருந்தது.

"கடிதம் கொண்டந்தனீங்களே?"

சித்தப்பாவின் சங்கக் கடிதத்தை நீட்டினேன். 'மருந்துப் பொருட்கள்' என்று ஒரே வார்த்தை. என்ன மருந்து, எத்தனை என்று இல்லை, வைத்தியசாலையின் முத்திரையும் இல்லை. அதிகாரி படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். வைத்தியசாலை அத்தியட்சகரின் (நம் ஊரில் கண்காணிப்பாளர்) கடிதம், சுகாதார அமைச்சின் ஒப்புதல், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி, மூன்றும் வேண்டுமாம். 2015இல் அவர்கள் போட்ட சட்டம். மாத்திரை மட்டுமல்ல, கதீட்டர், சிரிஞ்சு மாதிரி மருத்துவச் சாதனங்களும் அதற்குள் வரும். ஔடதம் என்றால் மருந்து. அந்தச் சொல்லை நான் சித்த வைத்தியப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன். அங்கே அது கவுண்டரில் புழங்குகிற சொல்.

அப்புறம் மதிப்புக் கேள்வி. வீட்டுக்காரர் படிவத்தில் 'இலவசம், மதிப்பு இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். தானமாக இருந்தாலும் சரக்குக்கு விலை உண்டு. மதிப்பு இல்லை என்று எழுதினால் மறைக்கிறோம் என்றுதான் படும். கடை ரசீதை நான் தூக்கிப்போடாமல் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

மூன்றாவது மணி நேரத்தில் என் பட்டியலை எடுத்தேன். முதலிலேயே நீட்டியிருக்கலாம், பதற்றத்தில் மறந்துபோனது. கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, கையிருப்புப் பதிவேடு எழுதுகிற பழக்கத்தில், கோடு போட்டு எழுதியது. பொதுப்பெயர், வலிமை, தயாரிப்பு எண், காலாவதி மாதம், எண்ணிக்கை, எந்தப் பெட்டி, எந்த மூலை. அதிகாரி நம்பாமல் மூன்றாவது பெட்டியின் இடது மூலையைத் துழாவினார். அம்லோடிபின் 5 மில்லிகிராம், எழுதிய எண்ணிக்கை அப்படியே. இன்னொரு வரிசையைப் பார்த்தார். அதுவும் சரி. அந்தப் பெண் பட்டியலை வாங்கிப் பார்த்து, "வடிவா எழுதியிருக்கிறியள்" என்றார். அந்த நாளில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. பாஸ்போர்ட் திரும்பி வந்தது, டீயும் வந்தது.

பஞ்சு, பேண்டேஜ், வாக்கர் இவற்றைக் கையோடு எடுத்துப்போகச் சொன்னார்கள். மற்றதெல்லாம் தடுத்து வைத்து ரசீது கொடுத்தார்கள். என் பட்டியலையே நகல் எடுத்து ரசீதோடு சேர்த்துத் தைத்தார்கள். தனியாக எழுதும் வேலை மிச்சம். இந்த ரசீது விஷயத்தில் மட்டும் யாரும் வெட்கப்படாதீர்கள். ஒவ்வொரு வரியும் அதில் ஏறியிருக்கிறதா, யார் பேரில் இருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். எங்கள் ரசீது முதலில் அக்கா மகன் பேரில் மட்டும் இருந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்பினால் வைத்தியசாலை எப்படி எடுக்கும்? கேட்டு, பெறுநர் இடத்தில் வைத்தியசாலையின் பெயரை எழுதிவாங்கினேன்.

கல்யாணம் நடந்தது, சாப்பாடு பிரமாதம். மறுநாளே சித்தப்பாவோடு அத்தியட்சகரைப் போய்ப் பார்த்தேன். இளவயது டாக்டர். பட்டியலை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிக்கொண்டே வந்தவர் மெட்ஃபார்மினில் நிறுத்தி, "இது எங்களுக்கு வருது அம்மா" என்றார். நாங்கள் காசு போட்டு வாங்கியதே அதைத்தான். இருந்தாலும் கடிதம் தயார் செய்து மேலே அனுப்பினார். நாங்கள் ஊர் வந்து ஒன்பதாம் நாள், சாமான் வைத்தியசாலைக்கு வந்துவிட்டதாகச் சித்தப்பா போன் செய்தார். தெருக்காரர்கள் கொடுத்து நான் கழித்து வைத்த பையிலிருந்த மாத்திரைகளில் ஒரு பெட்டியை மட்டும் விடவில்லையாம். காலாவதிக்குப் பதினோரு மாதம்தான் இருந்தது. நான்தான் மாதத்தைத் தப்பாக எண்ணியிருக்கிறேன்.

வைகாசியில் மறுபடி போகிறோம், இந்த முறை கப்பலில். டிக்கெட் போடுவதற்கு முன்னால் அத்தியட்சகருக்கு எழுதி, என்ன வேண்டும் என்று கேட்டிருந்தேன். நேற்று கையெழுத்தும் முத்திரையுமாகப் பட்டியல் வந்தது. மூத்திரப் பை, கதீட்டர் இரண்டு அளவில், படுக்கைப்புண் டிரெஸ்ஸிங், குழந்தைகளுக்கான நெபுலைசர் மாஸ்க். ஒரு மாத்திரைகூட இல்லை.