காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி

அக்கா மகளுக்குப் பதினொன்றாவது சேர்ந்ததிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு வயிற்றுவலி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. ஸ்கேன் எடுத்தாச்சு, பண்ணாரிக்குப் போய் வந்தாச்சு, மந்திரித்துக் கயிறும் கட்டியாச்சு. பள்ளிக்கூடத்தில் 'நடிக்கிறா' என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி நான்தான் 14416க்கு அடித்துப் போனை அவள் கையில் கொடுத்தேன் (டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் வந்தது, காசு கிடையாது, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்). தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காதென்று களத்தில் போய் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பேசினாள். திரும்பி வந்ததும் சோறு கேட்டாள்.

அக்காவுக்கு வேறு கவலை. "ஏஞ்சாமி, நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவீங்க காதுக்கு இது போனா?" அவளுக்கு வயசு பதினாறுதான் அக்கா!

நேரில் பார்ப்பதுதான் பாடு. மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டரும் மாத்திரையும் இலவசம், சரி, ஆனால் அந்தியூர்ப் பக்கமிருந்து ஈரோடு போய்வந்தால் அக்காவுக்கு ஒரு நாள் தறிக்கூலி போச்சு, பிள்ளைக்கு ஒரு நாள் படிப்பு போச்சு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 2021லிருந்து வீடு தேடி மாத்திரை வருகிறதே, பிள்ளைகளிடம் பேச ஒரு ஆள் வாரத்தில் ஒரு சாயங்காலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரக் கூடாதா?

வியாழக்கிழமை மறுபடி போகிறோம். ஜன்னல் சீட்டு வேணுமாம் அம்மிணிக்கு.