பாட்டில் விட்ட இடம்

ஜனவரி 9
பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிந்தது. மாலையில் சிணுங்க ஆரம்பித்தவளிடம் ஏதேதோ பேசிப் பார்த்தேன், அடங்கவில்லை. பாடியதும் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பேச்சைக் கேட்ட குழந்தைகள் சுமார் 4 நிமிடத்தில் முகம் சுளித்துவிட்டன; பாட்டைக் கேட்டவை சுமார் 9 நிமிடம் அமைதியாக இருந்தன. அதுவும் அவற்றுக்குப் பழக்கமே இல்லாத துருக்கி மொழிப் பாட்டு!

ஜனவரி 30
பேசும்போது நாம் சொற்களுக்கு நடுவே நிறுத்துவதே இல்லை. ‘இங்கேவாடாகண்ணு’ என்று ஒரே மூச்சு. இதில் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? 1996இல் சாஃப்ரான், அஸ்லின், நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 8 மாதக் குழந்தைகளை இடைவெளியே இல்லாத அசைகளை 2 நிமிடம் கேட்கவைத்தார்கள். எப்போதும் சேர்ந்தே வந்த அசைகளைக் குழந்தைகள் இனம் கண்டுகொண்டன. வெறும் 2 நிமிடத்தில்! பாட்டு இந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறது என்றே நினைக்கிறேன். நெடிலை இழுக்கிறோம், தாளம் அதே இடத்தில் விழுகிறது, சொன்ன சொல்லே திரும்ப வருகிறது.

அவளுக்காக நானே கட்டிய பாட்டு: ‘கையைத் தட்டு, காலைத் தட்டு, கன்னம் ரெண்டும் மெல்லத் தட்டு.’ ஒவ்வொரு ‘தட்டு’க்கும் வயிற்றில் விரலால் ஒரு தட்டு.

பிப்ரவரி 21
தொண்டை கட்டிவிட்டது. முன்பு பதிவுசெய்த என் குரலையே செல்போனில் போட்டேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், அப்புறம் காலுறையை இழுக்கப் போய்விட்டாள். குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் கண்டதும் இதைப்போலத்தான்: 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் எதிரில் உட்கார்ந்து பேசியவர்களிடம் சீன மொழியின் ஒலிகளைப் பழகிக்கொண்டன, திரையில் பார்த்தவை பழகவில்லை. அவள் ‘ஊ’ என்றால் செல்போன் நிற்காது. நான் நிற்பேன்.

மார்ச் 6
பல் முளைக்கிறது. பாட்டுமில்லை, தூக்கமுமில்லை.

ஏப்ரல் 11
‘கன்னம் ரெண்டும் மெல்லத்…’ என்று நிறுத்திவிட்டு, விரலையும் நீட்டாமல் காத்திருந்தேன். தட்டு விழும் என்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். விழவில்லை. உதட்டைக் குவித்தாள், பிரித்தாள்.

‘த்தூ.’

சரி, அது சொல் இல்லை. ஆனால் தாளம் தப்பவில்லை, விட்ட இடத்தில் வந்து சரியாக உட்கார்ந்தது. மறுபடி பாடி நிறுத்தினேன். மறுபடியும் ‘த்தூ’. ஏழு முறை பாடினோம், இரண்டு பேருமாக.